கூகுளின் நூறு சதவீதப் பசுமை மின்சாரமும் கூடிக்கொண்டே போகும் கார்பன் கணக்கும்

நீங்கள் கேட்டது இது: "2017-லிருந்து நாங்கள் நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்தான் என்கிறது கூகுள். அதே கூகுளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, தங்கள் கார்பன் உமிழ்வு 2019-ஐவிட 48 சதவீதம் கூடிவிட்டது என்கிறது. இரண்டில் எது பொய்?" இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இந்த அறிக்கைகளை எழுதுவது அந்தந்த நிறுவனமேதான். அப்படியிருக்க வெளியிலிருந்து படிக்கிற ஒருவர் எதை நம்புவது, எதைச் சந்தேகிப்பது, எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது? உங்கள் முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: இரண்டும் பொய் இல்லை, இரண்டும் வேறு வேறு கணக்குகள். ஆனால் அந்த ஒரு வரியால் உங்களுக்குப் பயன் ஒன்றும் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவன். பல வருடங்கள் ஐடி நிறுவனங்களுக்காக இந்த எண்களைத் திரட்டும் பக்கத்தில் இருந்தேன். அப்புறம் மற்றவர்கள் திரட்டியதைச் சரிபார்க்கும் பக்கத்துக்கு வந்தேன். கூகுளுக்குள் வேலை பார்த்ததில்லை. அந்த நிறுவனத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர்களே வெளியிட்ட அறிக்கைகளை வைத்துத்தான்.

முதலில் அடிப்படை. உலகம் முழுக்க நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கு முறை 2001-ல் வந்தது. உலக வள நிறுவனமும், நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிகக் குழுமமும் சேர்ந்து உருவாக்கிய பசுங்குடில் வாயு நெறிமுறை அது. உமிழ்வை மூன்று ஸ்கோப்களாக, அதாவது வரம்புகளாகப் பிரிக்கிறது. நம் ஊர் ஐடி வளாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டரின் டீசலும், ஏசியிலிருந்து கசியும் வாயுவும் ஸ்கோப் 1. மின்வாரியத்தின் பில்லில் வரும் யூனிட்டுகள் ஸ்கோப் 2. மற்ற எல்லாமே ஸ்கோப் 3: வாங்கிய லேப்டாப்பும் சர்வரும், கட்டடத்துக்குப் போட்ட சிமென்டும் கம்பியும், ஊழியர்களின் விமானப் பயணம், தினசரிப் போக்குவரத்து என்று மொத்தம் 15 வகைகள். கூகுளின் 2023 கணக்கு, கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக மாற்றிச் சொன்னால், 143 லட்சம் டன். அதில் ஸ்கோப் 1 ஏறக்குறைய ஒரு சதவீதம், ஸ்கோப் 2 கால் பங்கு, ஸ்கோப் 3 முக்கால் பங்கு. மென்பொருள் நிறுவனங்களுக்குப் புகைபோக்கி இல்லை என்பதால் ஸ்கோப் 1 இப்படிச் சின்னதாகத்தான் இருக்கும். விவகாரம் முழுக்க மற்ற இரண்டில்தான்.

உங்கள் குழப்பத்தின் முதல் பாதி ஸ்கோப் 2-ல் இருக்கிறது. 2015-ல் வந்த ஒரு வழிகாட்டுதலின்படி, மின்சாரத்துக்கான உமிழ்வை நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கணக்கிட்டு இரண்டையும் தர வேண்டும். ஒன்று, இடம் சார்ந்த கணக்கு. உங்கள் கட்டடம் எந்த மின்கட்டமைப்பில் (கிரிட்) இணைந்திருக்கிறதோ, அதன் சராசரிக் கார்பன் அளவால் யூனிட்டுகளைப் பெருக்குவது. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் சராசரி, யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நீங்கள் யாரிடம் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் இந்த எண் அசையாது. இன்னொன்று, சந்தை சார்ந்த கணக்கு. காற்றாலையோடு போட்ட ஒப்பந்தம் இருந்தாலோ, பசுமைச் சான்றிதழ் வாங்கியிருந்தாலோ அந்த யூனிட்டுகளுக்குப் பூஜ்யம் போட்டுக்கொள்ளலாம். கூகுள் 2023-ல் சுமார் 2,500 கோடி யூனிட் மின்சாரம் செலவழித்தது. இடம் சார்ந்த கணக்கில் அது 90 லட்சம் டன்னைத் தாண்டுகிறது. சந்தை சார்ந்த கணக்கில் சுமார் 34 லட்சம் டன். அதே மீட்டர்கள், அதே யூனிட்டுகள். தலைப்புச் செய்தியில் வரும் மொத்தத்தில் சேர்வது சிறிய எண்.

இங்கே நீங்கள் உடனே கேட்பீர்கள்: நூறு சதவீதமும் வாங்கியாகிவிட்டது என்றால் 34 லட்சம் டன் ஏன் மிஞ்ச வேண்டும், பூஜ்யமாக அல்லவா இருக்க வேண்டும்? மிகச் சரியான கேள்வி. "நூறு சதவீதம்" என்று கூகுள் சொல்வதன் பொருள் இதுதான்: உலகம் முழுக்க ஒரு வருடத்தில் எத்தனை யூனிட் செலவழித்தோமோ, அத்தனை யூனிட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆலைகளிலிருந்து உலகம் முழுக்க எங்கோ ஓரிடத்தில் வாங்கிவிட்டோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தேவைக்கு மேல் வாங்க முடிகிறது. ஆசியாவில் பல இடங்களில் வாங்கக் கிடைப்பதில்லை. ஓக்லஹோமாவின் காற்றில் மிஞ்சியதை வைத்து சிங்கப்பூரின் எரிவாயு மின்சாரத்தைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்கிறது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. நெறிமுறை அதை ஏற்பதில்லை. ஒரு சந்தையில் வாங்கியதை அந்தச் சந்தையின் நுகர்வுக்கு எதிராக மட்டுமே வைக்கலாம் என்பது அதன் விதி. அப்படி விதிப்படி கழித்த பிறகு மிஞ்சியதுதான் அந்த 34 லட்சம். ஆக, நூறு சதவீதம் என்பது என்ன வாங்கினோம் என்பதைப் பற்றிய வாக்கியம். அந்த சர்வர் எந்த மின்சாரத்தில் ஓடியது என்பதை அது சொல்லவில்லை.

இதைக் கூகுள் மறைத்து வைத்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இந்தப் போதாமை தெரிந்துதான் 2030-க்குள் ஒவ்வொரு மணிநேரமும், ஒவ்வொரு மின்கட்டமைப்பிலும் கார்பன் இல்லாத மின்சாரத்தில் ஓட வேண்டும் என்று 2020-ல் ஓர் இலக்கு வைத்தார்கள். அந்த மணிநேரக் கணக்கில் 2023-ன் உலகச் சராசரி 64 சதவீதம். நூறும் அறுபத்து நான்கும் ஒரே அறிக்கைக்குள் இருக்கின்றன. விளம்பரத்துக்கு எது போகிறது என்பது வேறு விஷயம். தொழில்முறையில் என்னைக் கேட்டால், அந்த அறிக்கையில் அதிக நேர்மையான எண் 64-தான் என்பேன். அதை வெளியிட அவர்களைக் கட்டாயப்படுத்த அப்போது எந்தச் சட்டமும் இல்லை.

அப்படியென்றால் காற்றாலை ஒப்பந்தமெல்லாம் வெறும் காகிதமா என்று கேட்டால், அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எப்படி வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது. பதினைந்து, இருபது வருடம் வாங்குகிறேன் என்று ஒரு நிறுவனம் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டால், அந்தக் காகிதத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கித்தான் புதிய ஆலை எழும்புகிறது. அது உண்மையான மாற்றம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆலையின் சான்றிதழை மட்டும் தனியாக வாங்கினால் காற்றில் ஒரு கிராம் கார்பனும் குறையாது. சந்தைக் கணக்கில் மட்டும் இரண்டும் ஒன்றுபோல் பூஜ்யமாகத் தெரியும். நம் ஊரில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். குழுவாகச் சேர்ந்து சொந்தப் பயன்பாட்டுக்கு மின்சாரம் தயாரிக்கும் முறையில், பயன்படுத்துவோர் சேர்ந்து ஆலையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும். உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் உள்ள ஒரு வளாகம் இப்படித் தென்மாவட்டக் காற்றாலையில் பங்கு வாங்கினால் வருடக் கணக்கு அழகாக வரும். ஆனால் தமிழ்நாட்டில் காற்று வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரைதான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்; மார்கழியில் இறக்கை நின்றுபோகும். காற்றுக் காலத்தில் மிஞ்சிய யூனிட்டுகளை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்வதை பேங்கிங் என்பார்கள். மார்கழி இரவில் அந்த வளாகத்துக்குள் வந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரிதான். சந்தை சார்ந்த கணக்கில் அது காற்று.

இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்ற பேச்சு முற்றிவிட்டது. அந்த நெறிமுறையின் அமைப்பு 2025 அக்டோபரில் ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது: வாங்கும் மின்சாரம், நுகரும் அதே மணிநேரத்தில், அதே கட்டமைப்புக்கு வந்து சேரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூகுள் மணிநேரக் கணக்கின் பக்கம். அமேசானும் மெட்டாவும் வேறு மாதிரி வாதிடுகின்றன. ஏற்கெனவே பசுமையான கட்டமைப்பில் இன்னும் ஒரு காற்றாலை வைப்பதைவிட, நிலக்கரி அதிகம் உள்ள நாட்டில் வைத்தால்தான் அதிக கார்பன் குறையும், அதற்கு மதிப்புக் கொடுங்கள் என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு மணிநேரக் கணக்கே மேல். சரிபார்ப்பவனுக்கு அது ஒன்றுதான் மீட்டரைக் காட்டி நிரூபிக்கக்கூடியது. தவிர்க்கப்பட்ட கார்பன் என்பது நடக்காத ஒன்றைப் பற்றிய ஊகம்.

இனி உங்கள் குழப்பத்தின் இரண்டாம் பாதி, அந்த 48 சதவீதம். அது முக்கியமாக இரண்டு வழிகளில் வந்தது: சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் டேட்டா சென்டர்களின் மின்சாரம் கூடியது, வாங்கும் பொருள்களின் உமிழ்வு கூடியது. கூகுளே இந்த இரண்டையும்தான் காரணமாகச் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டடங்கள் எழும்புகின்றன. சிமென்ட், இரும்பு, சிப்புகள் எல்லாம் ஸ்கோப் 3-ல் வந்து விழுகின்றன. இங்கே ஒரு கணக்கு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். நிதிக் கணக்கில் ஒரு கட்டடத்தின் செலவைப் பல வருடங்களுக்குப் பிரித்துத் தேய்மானமாக எழுதுவார்கள். கார்பன் கணக்கில் அந்தப் பேச்சே இல்லை. வாங்கிய வருடத்திலேயே முழுவதும் ஏற வேண்டும். அதனால் கட்டுகிற வருடங்களில் எண் எகிறும், கட்டி முடித்ததும் தானாக இறங்கும். அப்படி இறங்கும்போது "எங்கள் முயற்சியால் குறைந்தது" என்று ஒரு நிறுவனம் எழுதினால், அந்த வருடம் எத்தனை கட்டடம் கட்டினார்கள் என்று பாருங்கள். மைக்ரோசாஃப்டிலும் இதே கதைதான். 2020-ல் அவர்கள் 2030-க்குள் கார்பன் நெகட்டிவ் ஆவோம், அதாவது உமிழ்வதைவிட அதிகமாகக் காற்றிலிருந்து அகற்றுவோம் என்று அறிவித்தார்கள். 2023 நிதியாண்டில் ஸ்கோப் 1, 2 சேர்ந்து 6.3 சதவீதம் குறைந்திருந்தது. மொத்தமோ 2020-ஐவிட 29.1 சதவீதம் கூடியிருந்தது.

ஸ்கோப் 3 பற்றிப் பேசும்போது எண்களின் உறுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓர் அறிக்கையில் எல்லா எண்களும் ஒரே எழுத்தில், ஒரே அட்டவணையில், கடைசி இலக்கம் வரை அச்சாகியிருக்கும். ஆனால் அவற்றின் வலிமை ஒன்று அல்ல. மின்சார யூனிட் கிட்டத்தட்ட உறுதி; மின்வாரியத்தின் மீட்டர், பணம் கட்டிய பில், இரண்டும் கையில் இருக்கும். டீசலும் பரவாயில்லை: பங்க் ரசீது, ஜெனரேட்டர் அறையின் லாக் புக், டேங்க்கின் அளவு மூன்றையும் ஒப்பிட்டுவிடலாம். ஏசி வாயுவில்தான் முதல் சறுக்கல் வரும். பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வந்து சிலிண்டரை மாட்டி நிரப்பிவிட்டுப் போவார். பில்லில் "கேஸ் டாப்-அப், ஒரு முறை" என்று மட்டும் இருக்கும். எத்தனை கிலோ என்று இருக்காது. ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு வெப்பமூட்டும். பத்துக் கிலோ கணக்கில் வராமல் போனால் இருபது டன் காணாமல் போகிறது. அது ஏழாயிரம் லிட்டருக்கு மேல் டீசல் எரித்ததற்குச் சமம். ஒரு வளாகத்தின் ஸ்கோப் 1 எண் திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தால், நாங்கள் முதலில் கேட்பது ஏசி ஒப்பந்தக்காரரின் சிலிண்டர் எடைச் சீட்டைத்தான்.

ஸ்கோப் 3-க்கு வந்தால் தரை இன்னும் நழுவும். பொருள் விற்றவரிடம் அவர்களுடைய உண்மையான உமிழ்வுத் தரவு இல்லாவிட்டால், செலவழித்த பணத்தை ஒரு தொழில்துறைச் சராசரியால் பெருக்குவார்கள். இந்த முறையில் ஒரு விபரீதம் இருக்கிறது. அதே ஆயிரம் லேப்டாப்பைப் பேரம் பேசிப் பத்து சதவீதம் குறைவாக வாங்கினால் உமிழ்வும் பத்து சதவீதம் "குறையும்". விலை ஏறினால் உமிழ்வும் "ஏறும்". தயாரித்த தொழிற்சாலையில் ஒன்றும் மாறியிருக்காது. ஊழியர்களின் போக்குவரத்து ஒரு சர்வேயில் வந்த பதில்களைப் பெருக்கிப் போடுவது. அதனால் ஸ்கோப் 3-ல் ஐந்து சதவீதம் கூடியது, மூன்று சதவீதம் குறைந்தது என்பதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாற்பது, ஐம்பது சதவீதம் நகர்ந்தால் அது கணக்கின் பிசிறு இல்லை. நிஜமாகவே ஏதோ நடந்திருக்கிறது. கூகுளின் 48 அந்த ரகம்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கார்பன் எண்ணைக் குறைக்கிற ஒரு வழி தண்ணீர் எண்ணைக் கூட்டிவிடும். டேட்டா சென்டரைக் குளிரவைக்கத் தண்ணீரை ஆவியாக்கினால் மின்சாரம் மிச்சம். காற்றாலோ மூடிய குழாய்களாலோ குளிரவைத்தால் தண்ணீர் மிச்சம், மின்சாரம் கூடும். கூகுளின் டேட்டா சென்டர்கள் 2023-ல் ஏறக்குறைய 2,300 கோடி லிட்டர் தண்ணீரை நுகர்ந்தன, முந்தைய வருடத்தைவிட 17 சதவீதம் அதிகம். ஆனால் கார்பனைப் போல் தண்ணீருக்கு உலக மொத்தம் என்பதில் அர்த்தமே இல்லை. கார்பன் எங்கே வெளிவந்தாலும் ஒரே வானத்துக்குத்தான் போகிறது. தண்ணீர் அந்த ஊர்க் குழாயிலிருந்து போகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் த டால்ஸ் என்ற சிறு ஊர். அங்குள்ள கூகுள் மையங்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று அந்த மாநிலப் பத்திரிகை ஒன்று கேட்டபோது, அது வணிக ரகசியம் என்று நகராட்சி வழக்குக்கே போனது. 2022 டிசம்பரில் சமரசமாகி எண் வெளியே வந்தது: 2021-ல் ஊரின் மொத்த நீர்ப் பயன்பாட்டில் கால் பங்குக்கு மேல். உலக மொத்தத்தில் கரைந்துபோகிற அந்த எண், அந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாமே. இப்போது கூகுள் தன் மையங்களின் நீர்க் கணக்கை ஊர் வாரியாக வெளியிடுகிறது. 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் இல்லாமல் ஓஎம்ஆர் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். நம் ஊரில் லாரித் தண்ணீருக்கு மீட்டர் கிடையாது. 12 ஆயிரம் லிட்டர் லாரி, இத்தனை நடை என்று காவலாளியின் நோட்டில் பென்சிலால் போட்ட கோடுகள்தான் ஆவணம். லாரி முழுதாக நிரம்பி வந்ததா என்பதற்குச் சாட்சி இல்லை.

எல்லையை நகர்த்துவது இன்னொரு விஷயம். 2025-ல் வந்த கூகுள் அறிக்கையில் 2024-க்கான எண் 115 லட்சம் டன். முந்தைய அறிக்கையின் 143 லட்சத்தோடு ஒப்பிட்டுக் குறைந்துவிட்டது என்று பகிர்ந்தவர்களைப் பார்த்தேன். அது தவறு. புதிய அறிக்கை "இலக்குக்கு உட்பட்ட உமிழ்வு" என்று ஒன்றை வகுத்து, ஸ்கோப் 3-ன் சில பகுதிகளை அதற்கு வெளியே வைத்துவிட்டது. அதே எல்லைக்குள் பார்த்தால் முந்தைய வருடத்தைவிட 11 சதவீதமும், 2019-ஐவிட 51 சதவீதமும் கூடியிருக்கிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதே வருடத்தில் டேட்டா சென்டர் மின்நுகர்வு 27 சதவீதம் கூடியது. அவற்றின் மின்சார உமிழ்வு 12 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவு சந்தை சார்ந்த கணக்கு என்பதை இப்போது நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

"கார்பன் நியூட்ரல்" என்ற சொல்லை இந்தத் துறையில் நான் கடைசியாகத்தான் நம்புவேன். உமிழ்ந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, வேறு எங்கோ மரம் நட்டதற்கோ அடுப்பு மாற்றியதற்கோ கார்பன் வரவு வாங்கிக் கழித்துக்கொண்டாலும் அந்தப் பெயர் கிடைத்துவிடும். கூகுள் 2007 முதல் சொல்லி வந்த இந்தச் சொல்லை 2023-லிருந்து விட்டுவிட்டது. ஆப்பிள் தன் கைக்கடிகாரத்தை அப்படி விளம்பரம் செய்ததை, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தடுத்தது. பராகுவேயில் யூகலிப்டஸ் நட்ட நிலத்தில் முக்கால் பங்குக்குக் குத்தகை 2029-ல் முடிகிறது. அதற்குப் பிறகு அந்த மரங்கள் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை என்பது காரணம். நம் நாட்டில் இன்ஃபோசிஸ் 2020-ல் கார்பன் நியூட்ரல் என்று அறிவித்தது. அதில் கர்நாடகக் கிராம வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன் வைத்துக்கொடுத்த திட்டங்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பெண்களின் சமையலறையில் புகை குறைந்தது உண்மையான நன்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வளாகத்தின் உமிழ்வுக்கு எதிராக அதை டன் டன்னாகக் கழிப்பது வேறு கேள்வி. இன்ஃபோசிஸில் நான் அதிகம் மதிப்பது, 2008-க்குப் பிறகு ஓர் ஊழியருக்கான மின்நுகர்வைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்ததைத்தான். அது கட்டட வடிவமைப்பில் செய்த வேலை.

ஏஐ பற்றி ஓர் எண் வாட்ஸப்பில் சுற்றுகிறது: கூகுளின் ஏஐ உதவியாளரான ஜெமினியிடம் ஒரு கேள்வி கேட்டால் 0.24 வாட் மணி, 0.03 கிராம் கார்பன், ஐந்து சொட்டுத் தண்ணீர். கூகுள் 2025 ஆகஸ்டில் வெளியிட்டது அது. எண் சரியானதே, அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால். எழுத்துக் கேள்விகளில் நடுவில் வரும் ஒன்றுக்கான கணக்கு. படமும் வீடியோவும் அதில் இல்லை, ஏஐ மாதிரியை (மாடல்) உருவாக்கிப் பயிற்றுவித்த செலவும் இல்லை. தண்ணீர் டேட்டா சென்டருக்குள் போனது மட்டும். மின்நிலையத்தில் ஆவியானது சேரவில்லை. கார்பன் சந்தை சார்ந்த கணக்கு. அதே 0.24 வாட் மணியை இந்தியக் கட்டமைப்பின் சராசரியால் பெருக்கிப் பாருங்கள், 0.17 கிராம் வரும். ஐந்து மடங்குக்கும் மேல். அப்போதும் ஒரு கேள்விக்கு அது சின்ன எண்தான். எத்தனை கோடிக் கேள்விகள் என்பதை நிறுவனம் சொன்னால்தான் பெருக்க முடியும்.

சரி, யார் சரிபார்க்கிறார்கள்? கூகுள் அறிக்கையின் பின்பக்கங்களில் தணிக்கை நிறுவனத்தின் கடிதம் இருக்கும். அது "வரையறுக்கப்பட்ட உறுதி" என்ற வகை: நாங்கள் பார்த்த வரையில் பெரிய தவறு எதுவும் கண்ணில் படவில்லை என்று பொருள். நிதிக் கணக்குக்குத் தரப்படுவது இதைவிட ஆழமான "நியாயமான உறுதி". அதில் மாதிரிகள் அதிகம், மூல பில்கள் வரை போவோம், மீட்டர் சீராக இருக்கிறதா என்றும் பார்ப்போம். இந்த விஷயத்தில் இந்தியா பல நாடுகளுக்கு முன்னால் நிற்கிறது என்பதைப் பெருமையாகவே சொல்வேன். சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பிஆர்எஸ்ஆர் என்ற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையை 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்தது. அதில் முக்கியமான சில எண்களுக்கு வெளியாரின் சரிபார்ப்பை, முதல் 150 நிறுவனங்களில் தொடங்கி 2023-24 முதல் படிப்படியாகக் கொண்டுவந்தது. டிசிஎஸ், இன்ஃபோசிஸ், எச்சிஎல் எல்லாம் இதில் வரும். பட்டியலிடாத ஸோஹோ வராது. கூகுளின் இந்தியப் பிரிவும் வராது. எனக்கு இதில் இரண்டு குறைகள் தெரிகின்றன. ஸ்கோப் 3 இன்னும் விருப்பமிருந்தால் தரலாம் என்ற பகுதியில்தான் இருக்கிறது. அப்புறம், ஒரு ரூபாய் வருமானத்துக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்துக்கு அதிக இடம் கொடுக்கிறது. வருமானம் வேகமாக வளர்ந்தால் உமிழ்வு கூடினாலும் விகிதம் இறங்கி அழகாகத் தெரியும்.

அறிக்கை எழுதுவது ஒரு பாதி; நிர்வகிப்பது என்று உண்மையில் எதைச் சொல்லலாம்? பசுமைக் குழுவில் எத்தனை பேர் என்பதில் ஒன்றும் இல்லை. முடிவெடுக்கிறவரின் பட்ஜெட்டில் கார்பன் ஒரு செலவாக வந்து நிற்கிறதா என்பதே என் அளவுகோல். மைக்ரோசாஃப்ட் 2012 முதல் தன் பிரிவுகளிடம் உமிழ்வுக்கு உள்கட்டணம் வசூலிக்கிறது. கூகுள் 2020-ல், அவசரமில்லாத கணினி வேலைகளைச் சூரிய மின்சாரமும் காற்றும் அதிகமுள்ள நேரத்துக்குத் தள்ளிவைக்கும் முறையைத் தொடங்கியது. பின்லாந்தின் ஹமினாவில் பழைய காகித ஆலையை வாங்கிக் கடல்நீரால் குளிரவைக்கும் மையமாக்கியது. இவையெல்லாம் மீட்டரில் தெரிகிற வேலைகள். நான் பார்த்த இடங்களில் எண் நிஜமாகக் குறைந்தது எப்போது என்றால், கொள்முதல் துறைத் தலைவர் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து, டெண்டரிலேயே உமிழ்வுத் தரவு கேட்கத் தொடங்கியபோது. முக்கால் பங்கு உமிழ்வு அவர் போடும் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அதனால் அடுத்த அறிக்கை வந்ததும் முன்பக்கப் படங்களைத் தாண்டி நேராகக் கடைசிப் பக்கங்களின் அட்டவணைக்குப் போங்கள். முதலில் இடம் சார்ந்த ஸ்கோப் 2 வரியைத் தேடுங்கள். அது மூன்று, நான்கு வருடங்களில் எப்படிப் போகிறது என்று பாருங்கள். விகிதத்தை விட்டுவிட்டு மொத்த டன்னைப் பாருங்கள். அடிப்படை ஆண்டு மாறியிருக்கிறதா, பழைய எண்கள் திருத்தப்பட்டிருக்கின்றனவா என்று அடிக்குறிப்பில் இருக்கும். அங்கே எழுதப்பட்டிருந்தால் அதை நேர்மையின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரு விளக்கமும் இல்லாமல் பழைய எண் மாறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே இதைப் பழகிப் பார்க்க வாய்ப்பு வருகிறது. விசாகப்பட்டினத்தில் ஐந்து வருடங்களில் 1,500 கோடி டாலர் போட்டு ஒரு ஏஐ மையம் அமைப்பதாகக் கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. அது ஓடத் தொடங்கிய பிறகு வரும் அறிக்கையில் உலக மொத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விசாகப்பட்டினம் என்று தனி வரி இருக்கிறதா, அதில் தண்ணீர் எத்தனை லிட்டர், எந்த நீர்நிலையிலிருந்து, மணிநேரக் கணக்கில் கார்பனற்ற மின்சாரம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் கேட்டு எழுதுங்கள். த டால்ஸ் எண் வெளியே வந்ததும் ஒருவர் கேட்டதால்தான்.